பலகை மாறியது, பணியிடம் வரவில்லை

நம் கல்வித் துறையில் ‘தரம் உயர்த்தப்பட்ட பள்ளி’ என்று ஒரு சொல்வழக்கு உண்டு. எட்டாம் வகுப்போடு நின்ற நடுநிலைப் பள்ளியில் ஒன்பதும் பத்தும் சேர்ந்தால் அது உயர்நிலைப் பள்ளி. அதற்கு மேல் பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்தால் மேல்நிலைப் பள்ளி. அறிவிப்பு வந்ததும் ஊரில் வெடி வெடிப்பார்கள், புதுப் பலகை எழுதி மாட்டுவார்கள். அந்தச் சொல்லில் உள்ள ‘தரம்’ வகுப்பு எதுவரை என்பதை மட்டுமே சொல்கிறது. கற்பிக்க ஆள் உண்டா, உட்கார இடம் உண்டா என்பதை அது சொல்வதில்லை.

இப்படி உயர்ந்த கிராமத்துப் பள்ளிகள் இன்று நெரிசலில் திணறும்போது இரண்டு தரப்பிலிருந்து தீர்ப்பு வருகிறது. கண்ட ஊரிலெல்லாம் உயர்நிலைப் பள்ளி திறந்தால் இப்படித்தான் ஆகும் என்கிறது ஒன்று. சேர்க்கை கூடியிருக்கிறது, தேர்ச்சி கூடியிருக்கிறது, குறை சொல்ல என்ன இருக்கிறது என்கிறது மற்றொன்று. இரண்டையும் உரசிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் நான் கண்ணால் பார்த்தது. வட மாவட்டம் ஒன்றில், கூட்டுரோட்டை ஒட்டிய உயர்நிலைப் பள்ளியில் ஒரு முழுநாள் உட்கார்ந்திருந்தேன். பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறை நடந்துகொண்டிருந்தது. தொலைவில் உள்ள பொருளின் பிம்பத்தைத் தாளில் விழவைத்து, குவிலென்சின் குவியத் தொலைவை அளக்கும் பயிற்சி. அறையில் எழுபது பேருக்கு மேல் இருந்தார்கள், லென்ஸ் மூன்று. ஆசிரியை ஜன்னலுக்கு வெளியே தெரிந்த புளியமரத்தைக் காட்டினார். முதல் பெஞ்சுப் பையன் தாளை முன்னும் பின்னும் நகர்த்தினான். புளியமரம் தலைகீழாக, நகத்தளவில், பச்சை நிறத்தோடு தாளில் வந்து உட்கார்ந்தது. “டீச்சர், ஆடுது டீச்சர்!” என்று கத்தினான். கிளை காற்றில் ஆடியது பிம்பத்திலும் தெரிந்திருக்கிறது. அந்த முகத்தில் இருந்த வியப்புக்காகத்தான் பள்ளிக்கூடம் என்ற ஒன்றை நடத்துகிறோம் என்று எனக்குத் தோன்றியது.

ஆறாவது பெஞ்சுக்கு லென்ஸ் வந்து சேருமுன் மணி அடித்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களின் அளவைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எல்லோருடைய நோட்டிலும் விடை சரியாக இருந்தது. பதிவேட்டின்படி அன்று வகுப்பு முழுவதும் செய்முறை செய்தது. மரம் ஆடியதைப் பார்த்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருக்கலாம்.

“நாங்கள்லாம் எழுபது எண்பது பேர் ஒரே வகுப்பில் படித்தோம், கெட்டா போனோம்?” என்று கேட்கும் பெரியவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். கேள்வி நேர்மையானதுதான், அதனால் நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். அன்று ஒன்பதாம் வகுப்பு வாசல்வரை வந்தவர்கள் ஏற்கெனவே சலிக்கப்பட்டவர்கள். ஐந்தாம் வகுப்பில் சிலர் நின்றார்கள், எட்டில் சிலர் நின்றார்கள், பெண் பிள்ளைகளில் பெரும்பாலோர் வயதுக்கு வந்ததும் நின்றார்கள். மிஞ்சியவர்கள் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள், வீட்டில் படிப்பைப் பற்றி ஒருவராவது பேசக்கூடியவர்கள். அந்த எழுபது பேரை ஒரு குரல் கட்டியாண்டது. இன்று அந்தச் சல்லடை இல்லை. இல்லாமல் போனதுதான் நம் சாதனை. ஆனால் சலிக்காத எழுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், இருபடிச் சமன்பாட்டுக்குத் தயாரானவனும் வகுத்தல் தெரியாதவனும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். எண்ணிக்கை அதேதான் என்றாலும் வேலை பல மடங்கு கூடியிருக்கிறது.

வகுப்பின் அளவு படிப்பைப் பாதிக்குமா என்பதில் உலக அளவில் வாதம் உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய புகழ்பெற்ற சோதனையில், சிறுவகுப்புப் பிள்ளைகளை 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளிலும் 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளிலும் வைத்து ஒப்பிட்டார்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் முன்னே நின்றார்கள். செலவுக்குத் தக்க பலன் உண்டா என்று ஐயப்பட்ட பொருளாதார அறிஞர்களும் இருக்கிறார்கள். இந்த வாதத்தை நம் ஊர் எழுபது பேர் வகுப்புக்குச் சமாதானமாக யாராவது கொண்டுவந்தால் ஏற்கக் கூடாது. அங்கே சண்டை பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் இடையில்தான்.

இனி, இத்தனை பள்ளிகள் தேவையா என்ற கேள்வி. இதற்கு என் பதில் தயக்கமில்லாமல் ஆம் என்பதே. எட்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு அடுத்த பள்ளி ஏழு கிலோமீட்டர் என்றால், அது வெறும் தூரமாக இருப்பதில்லை. காலைப் பேருந்து ஒன்று, மாலைப் பேருந்து ஒன்று, அதைத் தவறவிட்டால் இருட்டில் நடை, வழியில் டாஸ்மாக், வீட்டில் பேச்சு. அரசு பிளஸ் ஒன் வகுப்பில் தரும் இலவச சைக்கிளை, எட்டோடு நின்றுபோன பெண் வாங்கவே முடியாது. ஐந்து கிலோமீட்டருக்குள் உயர்நிலைப் பள்ளி என்பதை 2009இல் வந்த மத்திய இடைநிலைக் கல்வித் திட்டமும் இலக்காக வைத்தது. பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை இணைத்துப் பெரிய பள்ளியாக்கும் வழியை ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், ஒடிசா மாநிலங்களில் பெரிய அளவில் நடத்திப் பார்த்தார்கள். ஏட்டில் அழகான திட்டம். ஆனால் இணைப்பில் மிச்சமாகும் பணத்தைக் கணக்கிடும்போது, அந்த ஏழு கிலோமீட்டரில் உதிர்ந்துபோகும் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் வளர்ச்சி தற்செயலாக வந்ததும் இல்லை. காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவு வந்தது. நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பெஞ்சு, கரும்பலகை, நிலம், கட்டடம் என்று ஊர் மக்கள் கையிலிருந்ததைக் கொடுத்தார்கள். 1978இல் பிளஸ் டூ முறை வந்தபோது, கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பின் இடத்தில் பள்ளியிலேயே இரண்டு ஆண்டுகள் படிக்கும் வாய்ப்பு கிராமத்துக்குக் கிடைத்தது. 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கொரோனாக் காலத்தில் தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்களும் இங்கே வந்தன. ஒவ்வொரு படியிலும் அரசு, பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறது. பிள்ளைகளும் நம்பி வந்திருக்கிறார்கள். வரச்சொல்லிவிட்டுப் பாய் விரிக்காத வீட்டை நம் ஊரில் யாரும் பெருமையாகப் பேச மாட்டார்கள்.

ஒரு கசப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். பள்ளியைத் தரம் உயர்த்த ஊர் மக்கள் பங்குத்தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனை நீண்ட காலம் இருந்தது. உயர்நிலைக்கு ஒரு லட்சம், மேல்நிலைக்கு இரண்டு லட்சம். சுந்தரவடிவேலு காலத்தில் மனமுவந்து கொடுத்த கொடை, பிற்காலத்தில் தகுதிச் சோதனையாக மாறிவிட்டது. லட்ச ரூபாயைத் திரட்டக்கூடிய ஊர் எது? நிலம் உள்ள சாதி வாழும் ஊர். கூலி வேலைக்குப் போகும் காலனி எப்படித் திரட்டும்? பள்ளி எங்கே வர வேண்டும் என்பதைத் தேவை தீர்மானிக்காமல் பணமும் செல்வாக்கும் தீர்மானித்த இடங்கள் உண்டு. ‘கண்ட ஊரிலெல்லாம் பள்ளி’ என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறதென்றால், அது இந்த அளவுக்குத்தான்.

அடுத்து, தேர்ச்சி விகிதத்தைக் காட்டுபவர்கள். 2025இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 விழுக்காடு, முந்தைய ஆண்டு 91.55. இவை பொய்யான எண்கள் இல்லை. அவற்றுக்குப் பின்னால் ஆசிரியர்களின் காலை நேர, மாலை நேரச் சிறப்பு வகுப்புகள் இருக்கின்றன. ஆனால் இந்த எண் எதை அளக்கிறது? தேர்வு எழுதியவர்களில் 35 மதிப்பெண் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்பதை. ஒன்பதாம் வகுப்பில் நின்றவர்கள் இதில் இல்லை. பெயர் பதிவு செய்துவிட்டுத் தேர்வுக்கு வராதவர்களும் இல்லை. அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. அந்தச் செய்முறை எப்படி நடக்கிறது என்பதைத்தான் மேலே பார்த்தோம். தலைமை ஆசிரியர் கூட்டத்தில் நூறு விழுக்காடு ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தால், மெதுவாகக் கற்கும் பிள்ளை பள்ளிக்குப் பாரமாகிவிடுகிறான். “இவனை டுட்டோரியலுக்கு அனுப்பிடுங்கம்மா” என்று தாயிடம் சொல்லும் குரலை நான் கேட்டிருக்கிறேன். சொன்னவர் கெட்டவர் இல்லை. அவர்மேல் விழும் அழுத்தம் அப்படி.

இப்போது நெரிசலின் வேருக்கு வருவோம். கட்டடத்தைவிட, பணத்தைவிட, ஒரு கணக்குமுறையில்தான் அந்த வேர் இருக்கிறது என்பது என் வாதம்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைக்கும்தான். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று அது சொல்கிறது. ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்த பிள்ளைக்கு அந்தச் சட்டத்தின் காவல் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நமக்கு இருப்பது மாநில அரசாணைகள். 1997ஆம் ஆண்டின் அரசாணை 525 சொல்லும் 1:40 என்ற கணக்கு. அரசாணை மீறப்பட்டால் பெற்றோர் நீதிமன்றம் போவது அரிது. சட்டத்தின் விளிம்பில்தான், அதாவது ஒன்பதிலும் பத்திலும்தான், வகுப்பு வீங்குகிறது.

கணக்குக்காக 680 பிள்ளைகள் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியை வைத்துக்கொள்வோம். ஆறு முதல் எட்டு வரை 390, ஒன்பதிலும் பத்திலும் 290. விதிப்படி முன்னதற்குப் பன்னிரண்டு ஆசிரியர், பின்னதற்கு எட்டு, ஆக இருபது பேர். இதே பிள்ளைகளை அறைப் பற்றாக்குறையால் ஒன்பது பிரிவாக மட்டும் பிரித்தால், ஒரு பிரிவுக்கு எழுபத்தைந்து பேர். கணக்குப் பாடம் வாரத்துக்கு ஏழு வேளை என்றால் ஒன்பது பிரிவுக்கு 63 வேளை. ஒரு நாளைக்கு எட்டு வேளை, ஐந்து நாள், மொத்தம் 40 வேளை. பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஒருவரே என்றால், அவர் ஒரு வேளைகூட உட்காராமல் பாடம் நடத்தினாலும் 23 வேளை மிச்சம் நிற்கும். அந்த 23 வேளையில் யாரோ ஒருவர் வகுப்பில் உட்கார்ந்து சத்தம் வராமல் பார்த்துக்கொள்வார். பிறகு 680 நோட்டுகளை எப்போது திருத்துவது? கல்வித் துறையின் எமிஸ் செயலியில் விவரம் ஏற்றுவது யார்?

இந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய முறைக்குப் பணியிட நிர்ணயம் என்று பெயர். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1ஆம் தேதி உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் தேவையைக் கணக்கிடுகிறார்கள். பிள்ளைகள் குறைந்த பள்ளியில் உள்ள இடம் ‘உபரி’ ஆகும். ஆள் இருந்தால் ‘ஆசிரியருடன் உபரி’, ஆள் இல்லாவிட்டால் ‘ஆசிரியரின்றி உபரி’. உபரி உடனே எடுக்கப்பட்டுவிடும். வளர்ந்த பள்ளியின் நிலை வேறு. கூடுதல் தேவை என்று எழுதி அனுப்பலாம். வேறெங்காவது உபரி இருந்தால் பணி நிரவலில் ஒருவர் வரக்கூடும். புதிய இடம் உருவாக்க நிதித் துறை ஒப்புதல் வேண்டும், அதற்கு ஆண்டுகள் ஆகும். குறைந்தால் உடனே பறிக்கவும் கூடினால் காத்திருக்கச் சொல்லவும் அமைந்த ஏற்பாடு இது. நன்றாக நடக்கிறது என்று பெயர் வாங்கி, பக்கத்து ஊர்ப் பிள்ளைகளையும் ஈர்த்த பள்ளிதான் இதில் முதலில் அடிபடுகிறது. அங்கே ஒரு தலைமை ஆசிரியர் உழைத்துச் சேர்க்கையைக் கூட்டினால், அந்த உழைப்பின் பலனாக அடுத்த ஜூனில் அவருக்குக் கிடைப்பது இன்னும் நெரிசலான வகுப்பு.

அனுமதிக்கப்பட்ட இடங்களாவது நிரம்பியிருக்கின்றனவா? வட மாவட்டங்களின் கதை எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புதிய நியமனம் பெறுபவர்களில் தென் மாவட்டத்துக்காரர்கள் அதிகம். சில ஆண்டுகளில் மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர் திரும்புகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. குடும்பம் அங்கே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கலந்தாய்வுக்குப் பிறகும் அதே மாவட்டங்கள் காலியாகின்றன. பட்டதாரி ஆசிரியர்களைப் பெரிய அளவில் நேரடியாக நியமிப்பது 2014க்குப் பிறகு ஏறக்குறைய பத்தாண்டு நின்றுபோயிருந்தது. அடுத்த அறிவிக்கை 2023 அக்டோபரில்தான் வந்தது.

இடையில் என்ன செய்தார்கள்? 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி போன்றவற்றுக்குப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்பிக்கொள்ளச் சொல்லி அரசே அறிவித்த காலியிடங்கள் 13,331. பட்டதாரி ஆசிரியருக்கு முதலில் 10,000 ரூபாய், எதிர்ப்பு வந்தபின் 15,000. இதை நான் இரண்டு வகையில் எடைபோடுகிறேன். வகுப்பில் ஓர் ஆள் நிற்பது யாரும் இல்லாததைவிட நிச்சயம் மேல். பல பள்ளிகளில் அந்த இளைஞர்கள்தான் கணக்குப் பாடத்தைக் காப்பாற்றினார்கள். அதே சமயம், 13,331 என்ற எண் அரசு தன் கையாலேயே எழுதிக்கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம். தற்காலிகம் என்ற சொல் அந்தப் பற்றாக்குறையை ஆண்டுக்கணக்கில் நீட்டிக்க உதவுகிறது.

கட்டடப் பக்கம் அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் ஐந்தாண்டில் 7,000 கோடி ரூபாயில் 18,000 வகுப்பறைகள் என்று 2022இல் அறிவித்தார்கள். தேவையான திட்டம், பாராட்டத் தக்கது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று ஒரே கட்டடத்தில் பல வகுப்புகளை அடைத்துவைத்த தனியார் பள்ளியில் 94 பிள்ளைகளைத் தீக்குப் பறிகொடுத்த மாநிலம் இது. நெரிசலை வசதிக்குறைவாக மட்டும் பார்க்கும் உரிமை நமக்கு இல்லை. ஆயினும் அறை கட்டினால் பிரிவைப் பிரிக்கலாம். பிரித்த பிரிவுக்கு ஆசிரியர் வேண்டும். பூட்டிக் கிடக்கும் புது அறையும் மரத்தடியில் ஒன்றுசேர்ந்த இரண்டு பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்க முடியும்.

மத்திய அரசின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 60 விழுக்காட்டை மத்திய அரசு தர வேண்டும். பி.எம். ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு சேரவில்லை என்பதற்காக 2024–25ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது; மாநிலம் 2025இல் உச்ச நீதிமன்றம் போனது. கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் இருந்தாலும், பள்ளியில் இருக்கும் பிள்ளையின் பணத்தைப் பிடித்துவைத்துப் பேரம் பேசுவது அநியாயம். எனினும் மேலே சொன்ன காலியிடங்கள் இந்தச் சண்டைக்கு முந்தையவை. சென்னை அதைக் காரணமாகக் காட்ட முடியாது.

இன்னொன்று, கழிப்பறை. ஒரு பள்ளியில் 300 பெண் பிள்ளைகள், பயன்படுத்தக்கூடிய கழிப்பறை நான்கு, இடைவேளை பத்து நிமிடம் என்று வையுங்கள். கழிப்பறைக்கு 75 பேர். ஒருவருக்கு எட்டு விநாடி. நான் போயிருந்த பள்ளியில் மதியம் சாப்பிட்டு முடித்த ஒன்பதாம் வகுப்புப் பெண் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே பைக்குள் வைத்தாள். ஏம்மா என்று கேட்டேன். “குடிச்சா போவணும்லக்கா” என்றாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. வீட்டுப்பாடம் எழுதியாச்சா என்று கேட்டால் எப்படிப் பதில் வருமோ அப்படிச் சொன்னாள். மாதவிடாய் நாட்களில் இந்த வகுப்பில் வருகை ஏன் குறைகிறது என்பதை ஆசிரியைகளிடம் கேட்டால் தனியாகச் சொல்வார்கள்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து நான் எட்டும் முடிவு இது. கிராமத்தில் உயர்நிலைப் பள்ளிகளைப் பெருக்கியது சரி; அதில் பின்வாங்கக் கூடாது, இணைப்பு என்ற பெயரில் மூடவும் கூடாது. தேர்ச்சி விகிதத்தைக் காட்டி நெரிசலை மறைப்பது தவறு. பணியிடம் உருவாக்காமல் பலகையை மட்டும் மாற்றும் பழக்கம்தான் முதல் குற்றவாளி. தலைமை ஆசிரியரும் பாடத்துக்கு ஓர் ஆசிரியரும் அறைகளும் கழிப்பறைகளும் ஒரே அரசாணையில் வராத எந்தத் தரம் உயர்த்தலையும் அரசு அறிவிக்கக் கூடாது. குறைந்த பள்ளியில் இடத்தைப் பறிக்கும் அதே வேகத்தில், அதே கல்வியாண்டில், வளர்ந்த பள்ளிக்கு இடம் கொடுக்கும் விதியாக ஆகஸ்ட் 1 கணக்கு மாற வேண்டும். வட மாவட்டங்களில் ஒருவர் மாறுதலில் போனால், பதிலாள் சேர்ந்த பிறகே அவரை விடுவிக்க வேண்டும். ஒன்பது, பத்து வகுப்புகளுக்கும் ஆசிரியர் விகிதம் சட்டமாக வேண்டும். மாநிலச் சட்டமன்றமே அதை நிறைவேற்றலாம்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்தில் சமோசா வருமுன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: நம் பள்ளிக்கு அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம் எத்தனை, இப்போது காலி எத்தனை, கடந்த ஆகஸ்ட் 1 எண்ணிக்கையின்படி வர வேண்டியது எத்தனை. வரும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள்.